ஆள் ஏறியதும் அது வேறு வண்டி

மேட்டுப்பாளையம்

அன்புள்ள மாப்பிள்ளை கார்த்திக்கு,

 

நீ டிராவலர் வேன் எடுத்ததை அக்கா சொல்லித் தெரிந்துகொண்டேன். ரொம்ப சந்தோஷம். எட்டு வருஷம் தாண்டிய பழைய வண்டி என்று நாலு பேர் நாலு விதமாகச் சொல்லியிருப்பார்கள். அதை மனதில் வைத்துக்கொள்ளாதே. 1987 முதல் நம் நாட்டுச் சாலைகளில் ஓடுகிற வண்டி அது. எந்த ஊர்ப் பட்டறைக்குப் போனாலும் அதைப் பிரித்துப் பூட்டிய கை ஒன்று இருக்கும், சாமானும் கிடைக்கும். அடுத்த வாரமே கோபியிலிருந்து ஊட்டிக்கு ஒரு டிரிப் ஒப்புக்கொண்டிருக்கிறாயாம். அதைக் கேட்டதிலிருந்து உனக்கு எழுத வேண்டும் என்றிருந்தது. போனில் சொன்னால் பாதி காற்றில் போய்விடும். எழுதினால் வண்டியில் வைத்திருந்து ஓய்வாக இருக்கும்போது மறுபடியும் பார்த்துக்கொள்வாய்.

வாங்கும் முன் ஓட்டிப் பார்த்திருப்பாய். நீ, புரோக்கர், மெக்கானிக் என்று மூன்று பேர் ஏறி, சத்தி ரோட்டில் கொஞ்ச தூரம் போய்த் திரும்பியிருப்பீர்கள். பிரேக் நன்றாகப் பிடித்திருக்கும், ஸ்டீயரிங் லேசாக இருந்திருக்கும், இழுவையிலும் குறை தெரிந்திருக்காது. அதெல்லாம் காலி வண்டியின் குணம். 17 பேர் ஏறினால், ஆளுக்கு 60 கிலோ என்றாலே 1,020 கிலோ. பெட்டி, பை, தண்ணீர் கேன், சமையல் சாமான் எல்லாம் சேர்ந்தால் இன்னும் இருநூறு கிலோ கூடும். அந்த எடையோடு உன் வண்டியை நீ இதுவரை ஓட்டியதே இல்லை. அது நிற்கும் தூரம் வேறு, வளைவில் சாய்கிற சாய்வு வேறு, டயர் சூடாகும் விதமும் வேறு. ஆள் ஏறியதும் அது வேறு வண்டி ஆகிவிடுகிறது. ஓட்டுவதாக இருந்தாலும் பட்டறையில் வேலை பார்ப்பதாக இருந்தாலும், அந்த இரண்டாவது வண்டியை நினைத்துத்தான் நீ எதையும் முடிவு செய்ய வேண்டும்.

உன்னிடம் இருப்பது எல்.எம்.வி. லைசென்ஸ். மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் போக்குவரத்து வாகனத்தை அதை வைத்தே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் தீர்ப்புச் சொன்னது. 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வும் அதையே உறுதி செய்தது. அதனால் சட்டப்படி உனக்குத் தடை இல்லை. ஆனால் காரில் பழகிய காலும் கையும் வேனுக்கு அப்படியே ஒத்துவராது. கிளம்பும் முன் ஒரு காரியம் செய். சித்தப்பா கடையிலிருந்து ஐம்பது கிலோ அரிசி மூட்டை இருபது கேட்டு வாங்கி, சீட்டுகளின் இடையில் பரப்பி, அசையாமல் கட்டி, ஆள் நடமாட்டம் இல்லாத ரோட்டில் 40-லும் 60-லும் பிரேக் மிதித்துப் பார். எங்கே நிற்கும் என்று நீ கணக்குப் போட்ட இடத்துக்கும் அது நின்ற இடத்துக்கும் உள்ள தூரத்தை இறங்கி நடந்து பார்த்துவிட்டு வா.

வேகத்தின் கணக்கையும் சேர்த்தே சொல்கிறேன். 60-லிருந்து 80-க்குப் போனால் வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. பிரேக் அடக்க வேண்டிய சக்தியோ முக்கால் பங்குக்கு மேல் கூடிவிடுகிறது. 80-ல் போகும் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கும். கண்ணால் பார்த்து, கால் பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே அந்த 22 மீட்டர் போய்விடுகிறது. உன் வண்டிக்கு 80-க்கு மேல் போகாதபடி வேகக் கட்டுப்பாட்டுக் கருவி வைத்திருப்பது அதனால்தான். அதைக் கழற்றிவிடவோ ஏமாற்றி வைக்கவோ பட்டறையில் ஆள் இருப்பார்கள், காசும் அதிகம் கேட்க மாட்டார்கள். 2022 அக்டோபரில் பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரியில், பள்ளிப் பிள்ளைகளை ஊட்டிக்கு அழைத்து வந்த சுற்றுலாப் பேருந்து ஓர் அரசுப் பேருந்தின் பின்னால் மோதி 9 பேர் இறந்தார்கள். அப்போது அதன் வேகம் 97-ஐத் தாண்டியிருந்தது, கருவியில் கை வைத்திருந்தார்கள் என்று விசாரணையில் தெரிந்தது. நீ அந்தக் கருவியைத் தொடவே கூடாது.

எடை எவ்வளவு என்பதோடு, அது எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். அமெரிக்காவில் 15 பேர் உட்காரும் வேன்களை அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் ஆராய்ந்து 2001-ல் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. பத்துப் பேரோ அதற்கு மேலோ ஏறிய வேன் விபத்தில் கவிழும் வாய்ப்பு, ஆள் குறைவாக இருக்கும் வேனைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு என்று கண்டார்கள். ஆள் ஏற ஏற வண்டியின் எடை மேலேயும் பின்னாலேயும் போய்ச் சேருகிறது, அதுதான் காரணம். அந்த வேன் வேறு, நம் வேன் வேறு என்றாலும் எடை வேலை செய்யும் விதம் எல்லா ஊரிலும் ஒன்றுதான். அதனால் ஆள் குறைவான டிரிப்பில் முதலில் முன்வரிசைகளை நிரப்பு. கடைசி சீட்டில் இளவட்டங்கள் கூட்டமாகப் போய் உட்காருவார்கள், அன்பாகப் பேசி முன்னால் கொண்டுவா. லக்கேஜை வண்டிக்குள் தரையோடு வைக்கப் பார். மேலே கேரியரில் ஏற்றுவதாக இருந்தால் பாய், துணிப்பை போன்ற லேசான சாமானோடு நிறுத்திக்கொள். அண்டாவும் அரிசி மூட்டையும் மேலே போகக் கூடாது. எக்ஸ்ட்ராவாக நாலு பேர், நடுவில் ஸ்டூல் போட்டுக்கொள்கிறோம் என்று பார்ட்டி கேட்டால் முடியாது என்று சொல். ஆர்.சி.யில் எழுதிய சீட்டுக்கு மேல் ஓர் ஆள் ஏறினாலும் நாளைக்கு இன்சூரன்ஸ்காரர் எடுத்து வைக்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

பாரத்தோடு போகும்போது டயர் ஒன்று ரோட்டை விட்டு மண்ணில் இறங்கிவிட்டால், வெடுக்கென்று ஸ்டீயரிங்கை ஒடித்து மேலே ஏற்றாதே. உயரமான வண்டி அந்த ஒரு திருப்பத்திலேயே உருண்டுவிடலாம். ஆக்ஸிலரேட்டரை விடு, நேராகவே போகவிடு, வேகம் நன்றாகக் குறைந்த பிறகு மெதுவாக ஏற்று. டயர் வெடித்தாலும் இதே முறைதான். இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்து நேராக வைத்துக்கொள், பிரேக்கை ஓங்கி மிதிக்காதே, வண்டி தானாக வேகம் இழக்கட்டும்.

டயர் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் வண்டி எடுத்தவுடன் எல்லோரும் பெயிண்டுக்கும் சீட் கவருக்கும் செலவு செய்துவிட்டு டயரைத் தள்ளிப்போடுவார்கள். ஒவ்வொரு டயரின் பக்கவாட்டிலும் ஒரு சின்ன வளையத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். உன் வண்டியின் ஐந்து டயரிலும் அதைப் பார்த்து எழுதி வை. ஆம், ஐந்து. ஸ்டெப்னியை யாரும் பார்ப்பதே இல்லை. பட்டன் புதிதாகத் தெரிகிறதே என்று ஏமாறாதே. ஓடாமல் கிடந்தாலும் ரப்பர் வெயிலிலும் காற்றிலும் காய்ந்து விறைத்துவிடும். ஆறு வருஷம் தாண்டிய டயரை ஆள் ஏற்றும் வண்டியில் நான் வைக்க மாட்டேன். பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது சட்டம். மழைக்காலத்தில் அந்த அளவு போதாது. மொட்டை டயர் தண்ணீரை வெளியே தள்ளாது, அதன் மேலேயே மிதந்துவிடும்.

ஏர் எவ்வளவு வைக்க வேண்டும் என்பதைக் கடைக்காரரைக் கேட்காதே. வண்டியின் கையேட்டில், முழு பாரத்துக்கு முன்னால் இவ்வளவு, பின்னால் இவ்வளவு என்று தனித்தனியாக இருக்கும். அதைக் கதவின் உள்பக்கம் பெயிண்டால் எழுதிவிடு. காலையில் வண்டி குளிர்ந்து நிற்கும்போது உன் சொந்த கேஜில் பார். ஓடிச் சூடான டயரில் அளவு கூடத்தான் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதே. ஏர் குறைந்த டயர் ஓடும்போது பக்கவாட்டில் மடங்கி மடங்கிச் சூடாகும். சித்திரை வெயிலில், நாலுவழிச் சாலையில், முழு ஆளோடு போகும்போது வெடிப்பது பெரும்பாலும் அந்த டயர்தான். முன்னால் நல்ல டயர் போட்டுக்கொண்டு பின்னால் எதையாவது ஓட்டிக்கொள்ளலாம் என்று ஸ்டாண்டில் ஒரு பேச்சு உண்டு. அதை ஏற்காதே. ஆளின் எடையில் பெரும்பங்கு பின் அச்சில்தான் உட்கார்ந்திருக்கிறது. பின் டயர் விட்டுவிட்டால் வால் வீசி, வண்டி குறுக்கே திரும்பிவிடும். டயர் மாற்றினால் 50 கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி வீல் நட்டுகளை மறுபடியும் டைட் வைத்துவிட்டுப் போ. புதிதாக மாட்டிய நட் முதல் ஓட்டத்தில் தளரலாம்.

இப்போது உன் ஊட்டி டிரிப்புக்கு வருகிறேன். நம் மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குன்னூர் 1,800 மீட்டருக்கு மேல். ஏறும்போது அந்த உயரத்தை இன்ஜின் டீசல் எரித்துச் சம்பாதிக்கிறது. இறங்கும்போது அத்தனையும் சூடாக மாறி எங்கேயாவது வெளியேறியாக வேண்டும். இன்ஜின் வழியாக வெளியேறலாம், இல்லாவிட்டால் பிரேக் லைனர் வழியாக. நாலு டன் வண்டியின் சூட்டை லைனர் மட்டும் தாங்க முடியாது. அதனால்தான் பழைய டிரைவர்கள் எந்தக் கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்று சொல்லிக்கொடுத்தார்கள். பர்லியாறு இறக்கத்தில் இரண்டாவது கியர், மூன்றாவது கியர்தான் உன் பிரேக். இன்ஜின் உறுமுகிறதே என்று பயப்படாதே, மீட்டரில் சிவப்புக் கோட்டைத் தொடாதவரை அதற்கு ஒன்றும் ஆகாது. கால் பிரேக்கை வளைவுக்கு முன் அழுத்தமாக மிதித்து, வேகத்தைக் குறைத்து, முழுசாக விட்டுவிடு. மேலே காலை வைத்தபடியே வழிநெடுக இழுத்துக்கொண்டு வருவதுதான் லைனரைக் கருக்கும். வளைவுக்குள் போய்ப் பிரேக் போடாதே, வளைவுக்கு முன்பே முடித்துவிடு.

டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு இறக்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சிலர் இன்ஜினையே ஆஃப் செய்துவிடுவார்கள். இந்த ஒரு பழக்கம் உன்னிடம் வரவே கூடாது. உன் வண்டியில் இருப்பது காமன் ரயில் இன்ஜின். கியரில் இருந்தபடி ஆக்ஸிலரேட்டரை விட்டால் அது டீசல் அடிப்பதை நிறுத்திக்கொள்ளும். நியூட்ரலில்தான் இன்ஜின் அணையாமல் இருக்க டீசல் குடித்துக்கொண்டே இருக்கும். மிச்சம் என்று நினைத்துச் செய்வதில் மிச்சமும் இல்லை. இன்ஜினை நிறுத்தினால் அதைவிட மோசம். பிரேக்குக்குப் பலம் கொடுக்கும் பூஸ்டர் வேக்குவத்தில் வேலை செய்கிறது. அந்த வேக்குவத்தைத் தரும் பம்ப் இன்ஜின் ஓடினால்தான் சுழலும். இன்ஜின் நின்ற பிறகு இரண்டு மூன்று மிதிக்கு மேல் பலம் மிஞ்சாது. பெடல் கல்லாகிவிடும், பவர் ஸ்டீயரிங்கும் கனத்துவிடும்.

பிரேக் ஆயிலை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை முழுசாக மாற்று. வண்டி இப்போதுதான் உன் கைக்கு வந்திருப்பதால் இந்த டிரிப்புக்கு முன்பே மாற்றிவிடு. அந்த ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணமுள்ளது. டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். ஈரம் ஏறிவிட்டால் 155 டிகிரியிலேயே கொதிக்கலாம். மலை இறக்கத்தில் வீல் பக்கம் அந்தச் சூடு சுலபமாக வந்துவிடும். ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. கொஞ்ச நேரம் ஆறியதும் பெடல் பழையபடி வந்துவிடும், ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். அப்படி வந்ததும் சரியாகிவிட்டது என்று நினைத்து அடுத்த டிரிப் போகிறவர்கள் உண்டு. ஆயில் மட்டம் குறைந்திருந்தாலும் ஊற்றிவிட்டு மறந்துவிடாதே. ஒன்று லைனர் தேய்ந்திருக்கிறது, இல்லாவிட்டால் எங்கேயோ ஒழுகுகிறது. எது என்று பார்த்த பிறகுதான் ஊற்ற வேண்டும்.

இறங்கும் வழியில் லைனர் கருகும் வாடை வந்தால் அகலமான இடமாகப் பார்த்து ஓரம் கட்டு. சூடான டிரம்மிலும் டிஸ்கிலும் தண்ணீர் ஊற்றாதே, வெடித்துவிடும். சக்கரத்துக்குக் கல் வைத்து, கியரில் போட்டு, அரை மணி நேரம் ஆறவிடு. கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டுப் போ. மலைப்பாதையில் நடுரோட்டில் கிடக்கும் கல்லெல்லாம் யாரோ ஒரு டிரைவர் விட்டுப் போனதுதான், இரவில் ஒரு பைக்காரன் அதில் ஏறினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார். ஏறி வரும் வண்டிக்குத்தான் முதலில் வழி விட வேண்டும் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. எதிரே ஒரு பஸ் திணறிக்கொண்டு ஏறி வந்தால் வளைவுக்கு மேலேயே நின்றுகொள். கொண்டை ஊசி வளைவில் முன்சக்கரம் போன தடத்தில் பின்சக்கரம் வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். அதற்கு இடம் விட்டுத் திரும்பு. சீசன் நேரத்தில் குன்னூர் வழியாக ஏற்றி, கோத்தகிரி வழியாக இறக்குவார்கள், அதையும் கேட்டுக்கொண்டு கிளம்பு. ஊட்டிக்குப் போகும் வண்டிக்கு இ-பாஸ் வேண்டும், முந்தின நாளே எடுத்துவிடு. முதுமலைக்குக் குறுக்கு வழி என்று பார்ட்டி கல்லட்டி இறக்கத்தைக் காட்டினால் திரும்பிக்கூடப் பார்க்காதே. 36 கொண்டை ஊசி வளைவுள்ள செங்குத்தான இறக்கம் அது. கூடலூர் சுற்றிப் போனால் நேரம் கூடும், அவ்வளவுதான்.

காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. உன் வண்டி உயரம், பக்கமெல்லாம் தட்டையான தகடு. கன்னியாகுமரி டிரிப் வந்தால் முப்பந்தல், ஆரல்வாய்மொழி பக்கம் ஆடி மாதம் காற்று எப்படி அடிக்கும் என்று காற்றாலைகளைப் பார்த்தாலே தெரியும். லாரியின் மறைவிலிருந்து வெளியே வரும் நொடியில் காற்று மொத்தமாக மோதித் தள்ளும். அங்கே 50-க்கு மேல் போகாதே, இரண்டு கையையும் ஸ்டீயரிங்கிலிருந்து எடுக்காதே.

பின்னால் எடுக்கும்போது கேமரா இருந்தாலும் ஓர் ஆள் இறங்கிப் பார்க்காமல் எடுக்காதே. கோவில் வாசலிலும் கல்யாண மண்டபத்திலும் பம்பரின் கீழே குழந்தை நின்றால் எந்தக் கண்ணாடியிலும் தெரியாது.

காலையில் கிளம்பும் முன் வண்டியின் கீழே குனிந்து பார். தரையில் ஏதாவது சொட்டியிருக்கிறதா, எந்த இடத்தில், என்ன நிறம் என்று பார். ஏசி தண்ணீர் என்றால் பரவாயில்லை. கூலன்ட், இன்ஜின் ஆயில், பிரேக் ஆயில் எதுவானாலும் காரணம் தெரியாமல் நகரக் கூடாது. இன்ஜின் ஆயில் குச்சி, கூலன்ட் டப்பா, பெல்ட், எல்லா விளக்கும், வைப்பர், இதற்கெல்லாம் பத்து நிமிஷம் போதும். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்காதே. உள்ளே அழுத்தத்தில் அடங்கியிருக்கும் தண்ணீர் திறந்த நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும். கூலன்ட் குறைந்தால் பைப் தண்ணீரை ஊற்றிச் சமாளித்தபடி மாதக்கணக்கில் ஓட்டாதே, உள்ளே துருவும் உப்பும் படிந்து மலை ஏற்றத்தில் கையை விரித்துவிடும். டீசல் ஃபில்டரின் அடியில் தண்ணீர் வடிக்கும் திருகு இருக்கிறது, மழைக்காலத்தில் அடிக்கடி வடி. வண்டி கிளம்பும்போது அடியில் டங்கென்று சத்தம் கேட்டால் யுனிவர்சல் ஜாயின்ட் கிராஸைப் பார்க்கச் சொல். ஸ்டீயரிங் ஆட்டம் கண்டால் டை ராட் எண்டைப் பார்க்கச் சொல். இந்த இரண்டையும் பிரேக் சாமானையும் கம்பெனி சாமானாகவே வாங்கு. பாதி விலைக்குக் கிடைக்கும் போலி சாமானை வேறு எங்கே போட்டாலும் இந்த இடங்களில் போடாதே. எப்போது எதை மாற்றினாய், எத்தனையாவது கிலோமீட்டரில் மாற்றினாய் என்று ஒரு நோட்டில் எழுதி வா. உன் வண்டிக்கு இனி வருஷா வருஷம் எஃப்.சி. உண்டு. அது வந்த மாதம் மட்டும் வண்டியைப் பார்த்துவிட்டு மற்ற மாதங்களில் மறந்திருக்கும் ஆட்களைப் போல நீ இருக்காதே.

நெருப்பு விஷயத்தில் நான் ரொம்பக் கண்டிப்பு. கலர் லைட், பெரிய ஸ்பீக்கர், டிவி என்று கண்ட இடத்தில் வயரை வெட்டி ஒட்டாதே. ஃபியூஸ் போனால் அதே ஆம்பியர் ஃபியூஸ்தான், கம்பி சுற்றக் கூடாது. கோவில் டூர் போகிறவர்கள் வழியில் சமைத்துச் சாப்பிட வேண்டும் என்று கேஸ் சிலிண்டரைச் சீட்டுக்கு அடியில் சாக்கில் சுற்றி வைப்பார்கள். 2023 ஆகஸ்ட் 26 விடிகாலை மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில் 9 பேர் கருகியது அப்படி ஒளித்துக் கொண்டுவந்த சிலிண்டரால்தான். சிலிண்டர் ஏறினால் நீ இறங்கிவிடு. கிளம்புவதற்கு முன்பே சொல்லிவிட்டால் யாரும் கோபப்பட மாட்டார்கள். தீயணைப்பான் உன் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும், தேதி காலாவதி ஆகாமல் பார்த்துக்கொள். பின்கதவை லக்கேஜால் அடைக்காதே, அது உள்ளிருந்து திறக்கிறதா என்று மாதம் ஒருமுறை திறந்து பார்.

இன்னொன்று. இரவில் லாட்ஜில் ரூம் தராத இடங்களில் டிரைவர் வண்டியில்தான் படுக்க வேண்டியிருக்கும். கண்ணாடியை ஏற்றி, இன்ஜினை ஓடவிட்டு, ஏசி போட்டுத் தூங்கவே கூடாது. 2024 டிசம்பரில் கேரளத்து வடகரையில் சாலையோரம் நின்ற ஒரு கேரவன் வண்டிக்குள் படுத்த இரண்டு பேர் எழுந்திருக்கவில்லை. ஜெனரேட்டரின் புகை உள்ளே கசிந்து, கார்பன் மோனாக்சைடு அவர்களைத் தூக்கத்திலேயே கொன்றுவிட்டது. அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது, மூச்சுத் திணறி விழிக்கவும் விடாது. புழுக்கமாக இருந்தால் கண்ணாடியை இறக்கிக் கொசுவலை கட்டிக்கொள். பார்ட்டியிடம் வாடகை பேசும்போதே டிரைவருக்கு ஒரு படுக்கை என்று பேசிவிடு.

தூக்கத்தைத்தான் நான் எல்லாவற்றையும்விடப் பெரிதாக நினைக்கிறேன். சபரிமலை சீசனில் இரவு கிளம்பி, விடியப் பம்பை, மறுநாள் குருவாயூர், அன்றிரவே திரும்புதல் என்று திட்டம் போட்டுக் கொண்டுவருவார்கள். சாமிகள் வண்டியில் தூங்குவார்கள். நீ எப்போது தூங்குவாய்? 1961-ஆம் வருஷத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளைக்கு 8 மணி நேர வேலை, 5 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்தால் அரை மணி நேரமாவது ஓய்வு என்று சொன்னது. நீயே முதலாளி, நீயே டிரைவர் என்பதால் உன்னைக் கேட்க யாரும் இல்லை. அதனால் நீதான் உன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும். விடிகாலை 2 மணியிலிருந்து 5 மணி வரை உடம்பு தானாகவே தூக்கத்துக்குப் போகும் நேரம். டீ குடித்தாலும் முகம் கழுவினாலும் பாட்டுப் போட்டாலும் அதன் பலன் ரொம்ப நேரம் நிற்காது. கடந்து வந்த கடைசி ஊர் எது என்று நினைவுக்கு வரவில்லை என்றால் நீ கண் திறந்தபடி தூங்கியிருக்கிறாய். உடனே பெட்ரோல் பங்கில் ஓரம் கட்டிப் படு. இரவு பயணம் இருக்கும் டிரிப்புக்கு ஆக்டிங் டிரைவர் ஒருவரைச் சேர்த்துக்கொள். அவர் பேட்டாவைக் கணக்கில் சேர்த்து வாடகை சொல். பார்ட்டி, பக்கத்து வண்டிக்காரன் குறைவாகச் சொல்கிறானே என்றால் அந்த வண்டியிலேயே போகச் சொல். போகிற பார்ட்டி போகட்டும். ஊருக்குள் நாலு குடும்பம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகக் கார்த்தி வண்டியைத்தான் தேடும் நாள் வரும்.

பேப்பரில் இரண்டு மட்டும் சொல்கிறேன். ஆர்.சி., பெர்மிட், இன்சூரன்ஸ் மூன்றிலும் சீட் எண்ணிக்கை ஒன்றாக இருக்கிறதா என்று பார். பழைய ஓனர் பெயரிலேயே இன்சூரன்ஸ் ஓடிக்கொண்டிருந்தால் பெயர் மாறும்வரை டிரிப் எடுக்காதே.

வழியில் வண்டி நின்றுவிட்டால் ஹசார்ட் லைட் போடு, முக்கோணப் பலகையைப் பின்னால் ஐம்பது மீட்டருக்கு அப்பால் வை. அதைவிட முக்கியம், எல்லோரையும் இறக்கி ரோட்டை விட்டுத் தள்ளி, தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்க வை. வண்டிக்குப் பின்னால் நின்று பேசிக்கொண்டிருக்க விடாதே. அடிபட்டவர் யாராக இருந்தாலும் 108-க்குப் போன் போடு. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசு செலவில் பார்க்கும் இன்னுயிர் காப்போம் திட்டம் 2021 டிசம்பர் முதல் நம் மாநிலத்தில் இருக்கிறது. பணம் கையில் இல்லையே என்று யாரும் தயங்க வேண்டியதில்லை, தூக்கிக்கொண்டு போனவரைப் போலீஸ் தொல்லை செய்யவும் முடியாது.

பெல்ட் போடாத சீட் ஒன்றுகூட இல்லாமல் பார்த்துக்கொண்டு கியர் போடு. பெரியவர்கள் முணுமுணுப்பார்கள். மரியாதையாகச் சொல், ஆனால் போட்ட பிறகே வண்டியை எடு.

ஊட்டி டிரிப் சனிக்கிழமை என்றால் வியாழக்கிழமை காலையிலேயே வண்டியை இங்கே கொண்டுவந்துவிடு. நம் பட்டறையில் நாலு வீலையும் கழற்றி லைனரைப் பார்த்து, பிரேக் ஆயில் மாற்றி, சாயங்காலம் நானும் பக்கத்தில் உட்கார்ந்து பர்லியாறு வரை ஏறி இறங்கிப் பார்த்துவிடலாம். லைனர் சரியில்லை என்றால் அந்த டிரிப்புக்கு வேறு வண்டி பிடித்துக் கொடுத்துவிடுவோம். பார்ட்டியிடம் இப்போதே அப்படிச் சொல்லி வை.

அன்புடன்,
உன் மாமன்